நண்டுண்ணும் குரங்கின் கண்ணும் குறைமாதக் குழந்தையின் கண்ணும்

பெரிய நிக்கோபார், சிறிய நிக்கோபார், கச்சால் ஆகிய மூன்று தீவுகளில் ஒரு வகை நீண்ட வால் குரங்கு வாழ்கின்றது. காம்ப்பெல் பே குடியிருப்பில் பணியாற்றியவர்களும், கச்சாலின் இரப்பர்த் தோட்டத்தில் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இதனை நன்கறிவர். கடற்கரைக் காட்டில் தாழம்பழத்தை உரித்துத் தின்பதும், தென்னந்தோப்பில் புகுந்து இளநீரைப் பாழாக்குவதும் இதன் வழக்கம். இதனால் தோட்டக்காரர்களுக்கு இதன்மீது அன்பு கிடையாது. விலங்கியல் நூல்கள் இதனை நண்டுண்ணும் குரங்கு என்னும் பெரிய இனத்தின் ஒரு கிளையாகக் கூறுகின்றன. அவ்வினம் பர்மா, மலேயா, சுமத்திரா, பிலிப்பைன்ஸ் வரை பரந்து கிடக்கின்றது; நிக்கோபார்க் கிளை இம்மூன்று தீவுகளிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை.

இக்குரங்கின் கண்ணைப் பற்றி ஒரு செய்தி கண் மருத்துவ உலகிற்கு வெளியே அதிகம் தெரியாது. முதுமையிலும் நீரிழிவிலும் மனிதக் கண்ணினுள் தாறுமாறாக முளைத்துப் பார்வையைக் கெடுக்கும் இரத்தக் குழாய்களை அடக்குவதற்கு இன்று உலகெங்கும் கையாளப்படும் மருந்துகள், மனிதனுக்குக் கொடுக்கப்படுவதற்கு முன் இந்த நண்டுண்ணும் குரங்கினத்தின் கண்களிலேதான் சோதித்துப் பார்க்கப்பட்டன. அக்குரங்குகள் நிக்கோபாரிலிருந்து சென்றவை அல்ல. ஆராய்ச்சிக்கூடங்களுக்கு இவ்வினக் குரங்குகள் பெரும்பாலும் தென்கிழக்காசியாவிலிருந்தும் மொரீஷியஸ் தீவிலிருந்தும் சென்றன. எனினும் இனம் ஒன்றே, கண்ணும் ஒன்றே. பூனைக்குட்டி, எலி, சுண்டெலி, முயல் என்று எத்தனையோ பிராணிகள் இருக்கையில் குரங்கை ஏன் நாட வேண்டியிருந்தது? ஏனைய பிராணிகளிடமிருந்து எதைக் கற்றோம்? எதைக் கற்க இயலவில்லை? இவ்வினாக்கள் தொலைவிலுள்ள ஆராய்ச்சிக்கூடங்களுக்கு மட்டும் உரியவை என்று எண்ணுதல் சரியன்று. மாயாபந்தரிலோ கார் நிக்கோபாரிலோ பிறக்கும் ஒரு குறைமாதக் குழந்தையின் பார்வை இவ்விடைகளைப் பொறுத்திருக்கின்றது.

கண்ணுக்குள் இரு குழாய் வலைகள்

புகைப்படப் பெட்டியின் படச்சுருளைப் போன்று கண்ணின் பின்புறத்தில் விழித்திரை அமைந்துள்ளது. உடலில் மிகுந்த பிராணவாயுவைச் செலவிடும் உறுப்புகளுள் இதுவும் ஒன்று. ஆகையால் இதற்கு இரண்டு பக்கமும் இரத்தம் வருகின்றது. உட்பக்கத்தில் விழித்திரையின் மேலேயே படர்ந்த நுண்குழாய் வலை ஒன்று. வெளிப்பக்கத்தில், விழித்திரைக்கு அடியில், இரத்தக் குழாய்களே நிறைந்த கோராய்டு என்னும் படலம் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள எல்லைச் சவ்வைக் கோராய்டுக் குழாய்கள் கடப்பதில்லை. கடந்துவிட்டால் கேடு. அவ்வாறே உள்வலையின் குழாய்களும் விழித்திரையின் தளத்தை விட்டெழுந்து கண்ணின் நடுவிலுள்ள பளிங்கு போன்ற கூழுக்குள் வளரக்கூடாது. வளர்ந்தால் அவை எளிதில் கசியும், உடையும், பின்னர் தழும்பாகிச் சுருங்கி விழித்திரையையே பிய்த்திழுக்கும்.

இந்த உள்வலையை ஒவ்வொருவரும் தம் கண்ணிலேயே காண இயலும். ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டத்தக்க எளிய பரிசோதனை இது. ஓர் அட்டையில் குண்டூசியால் சிறு துளையிட்டு, அதனை ஒரு கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, பிரகாசமான வானத்தை நோக்கியவாறு அட்டையைச் சிறு வட்டமாக விரைந்து அசைக்க வேண்டும். (கதிரவன் இருக்கும் திசையை ஒருபோதும் நோக்கலாகாது.) சிறிது நேரத்தில் காய்ந்த மரக்கிளை போன்ற மெல்லிய நிழல் வலை தோன்றும். அது நம் விழித்திரையின் சொந்தக் குழாய்களின் நிழலாகும். கூர்ந்து கவனித்தால், வலையின் நட்டநடுவில் குழாயே இல்லாத சிறு வெற்றிடம் ஒன்றிருப்பது தெரியும். அதுவே மஞ்சள் புள்ளியின் மையக் குழி. எழுத்தைப் படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும் அந்த இடத்தால்தான்.

பாலூட்டிகளுள் இத்தகைய மையக் குழி மனிதனுக்கும் குரங்கினத்திற்குமே உண்டு. அந்தமான் கரைகளில் வட்டமிடும் வெண்வயிற்றுக் கடற்கழுகு போன்ற பறவைகளுக்கும் குழி உண்டென்பது உண்மை. ஆனால் பறவைகளின் விழித்திரையில் இரத்தக் குழாய்களே கிடையா. கினிப் பன்றியின் விழித்திரையிலும் அவ்வாறே; முயலுக்கோ ஒரு பட்டையில் மட்டுமே குழாய்கள் உண்டு. விழித்திரைக் குழாய் நோயை ஆராய விரும்புகிறவருக்கு இயற்கை வைத்திருக்கும் முதல் தடை இது.

பூனைக்குட்டிகள் தந்த விடை

1942-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டெர்ரி என்னும் கண் மருத்துவர், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் விழி லென்ஸுக்குப் பின்னால் வெண்ணிறத் தழும்புப் படலம் தோன்றி அவர்கள் குருடாவதை எடுத்துரைத்தார். அடுத்த பத்தாண்டுகளில் உலகில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இந்நோயால் பார்வை இழந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். வசதி மிகுந்த நாடுகளில், நல்ல மருத்துவமனைகளில்தான் நோய் மிகுந்திருந்தது என்பது மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. வைட்டமின் குறைவு, வெளிச்சம், தொற்று என்று பல காரணங்கள் கூறப்பட்டு ஒவ்வொன்றாகத் தள்ளுபடியாயின.

1951-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கேட் காம்பெல் என்னும் மருத்துவ அம்மையார், பிராணவாயுவைத் தாராளமாகக் கொடுத்த இடங்களில் நோய் மிகுந்தும், சிக்கனமாகக் கொடுத்த இடங்களில் குறைந்தும் இருப்பதைச் சுட்டிக் காட்டினார். வாஷிங்டனில் ஆர்னால் பாட்ஸ் என்னும் இளம் மருத்துவர் குழந்தைகளை இரு பிரிவாக்கிச் சோதிக்க முற்பட்டார். பிராணவாயு குறைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளைக் கண்டு மனம் பொறாத இரவு நேரத் தாதியர் சிலர், யாரும் அறியாமல் அளவைக் கூட்டிவிடுவார்களாம். அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. மூச்சுத் திணறும் சிசுவுக்கு உயிர்வாயுவே கேடு செய்யும் என்று யார்தான் எளிதில் நம்புவர்?

நம்பச் செய்தவை பூனைக்குட்டிகள். இலண்டன் கண் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் நார்மன் ஆஷ்டனும் அவர்தம் தோழர்களும் 1950-களின் தொடக்கத்தில் செய்த பரிசோதனையின் அடிப்படை எளியது. மனிதக் கருவில் விழித்திரைக் குழாய்கள் ஏறத்தாழ பதினாறாம் வாரத்தில் பார்வை நரம்பின் தலைப்பிலிருந்து முளைத்து, ஓரங்களை நோக்கி மெதுவாகப் படர்ந்து, நாற்பதாம் வாரத்தை ஒட்டியே முழுமையடைகின்றன. எனவே முப்பதாம் வாரத்தில் பிறக்கும் குழந்தையின் விழித்திரையில் ஓரப் பகுதி குழாயின்றி வெறுமையாகக் கிடக்கும். நிறைமாதத்தில் பிறந்த பூனைக்குட்டியின் விழித்திரையும் அதே நிலையிலிருக்கின்றது. அதாவது, கண்ணளவில் ஒவ்வொரு பூனைக்குட்டியும் ஒரு குறைமாதக் குழந்தை.

பிறந்த குட்டிகளை மிகுந்த பிராணவாயுவுள்ள அறையில் சில நாட்கள் வைத்தனர். பின்னர் குழாய்களில் இந்திய மை ஏற்றி விழித்திரையை விரித்துப் பார்த்தபோது, மை செல்லுவதற்கு வழியே இல்லை. இளங்குழாய்கள் முதலில் சுருங்கி, பின்னர் அடியோடு மூடி அழிந்திருந்தன. வேறு குட்டிகளை அறையிலிருந்து வெளியே எடுத்துச் சாதாரணக் காற்றில் வளர விட்டபோது நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. அழிந்த இடத்தைச் சுற்றிக் குழாய்கள் மீண்டும் முளைத்தன. ஆனால் முறையாகப் படராமல், கொத்துக் கொத்தாக எழுந்து விழித்திரையை விட்டு வெளியேறின. 1954-இல் இம்முடிவுகள் விரிவாக வெளிவந்தன. அதே ஆண்டில், அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து குழந்தைகளிடம் நடத்திய சோதனையும் பிராணவாயுவே காரணம் என்று உறுதி செய்தது.

இதனால் நோயின் இரண்டு கட்டங்கள் தெளிவாயின. முதற்கட்டத்தில் மிகை வாயுவால் குழாய் வளர்ச்சி நின்று போகின்றது. இரண்டாம் கட்டத்தில், குழாயற்ற விழித்திரை வளர வளரப் பசிகொண்டு, குழாய்களை அழைக்கும் ஏதோ ஒரு பொருளை அளவுக்கு மீறிச் சுரக்கின்றது. அப்படியொரு பொருள் இருக்க வேண்டும் என்று 1948-லேயே கிளாஸ்கோவிலிருந்த மைக்கேல்சன் ஊகித்திருந்தார்.

ஆயினும் பூனைக்குட்டி எல்லாவற்றையும் சொல்லவில்லை. குழந்தைகளைப்போல் பூனைக்குட்டியின் விழித்திரை கழன்று போவது அரிது. மேலும் ஆரோக்கியமான பூனைக்குட்டிக்கு நுரையீரல் முதிர்ந்திருக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு அஃதில்லை. இந்த வேற்றுமையின் விலை பெரிது. பிராணவாயுவைக் கண்டிப்பாகக் குறைத்த பிறகு குருட்டுத்தன்மை குறைந்தது. ஆனால் மூச்சடைத்து இறந்த சிசுக்களின் தொகை கூடியது. குருட்டுத்தன்மையிலிருந்து காக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் சுமார் பதினாறு சிசுக்கள் இறந்திருக்கக்கூடும் என்று 1973-இல் ஓர் ஆங்கிலேய மருத்துவர் மதிப்பிட்டார். விலங்கின் கண் கூறியது உண்மையே. அந்த உண்மையை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் குழந்தைக்கும் விதி செய்ததுதான் பிழை.

சுண்டெலியின் பதினேழாம் நாள்

பூனைக்குட்டியும் நாய்க்குட்டியும் செலவு மிக்கவை. அவற்றின் மரபணுக்களை விருப்பம்போல் மாற்றவும் இயலாது. ஆகவே 1994-இல் பாஸ்டனில் லோயிஸ் ஸ்மித் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் வகுத்த சுண்டெலி முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. பிறந்த ஏழாம் நாள் குஞ்சுகளைத் தாயுடன் 75 சதவிகிதப் பிராணவாயுவில் ஐந்து நாட்கள் வைக்கிறார்கள். பன்னிரண்டாம் நாள் வெளியே எடுக்கிறார்கள். பதினேழாம் நாள் தாறுமாறான குழாய் வளர்ச்சி உச்சத்தை அடைகின்றது. இருபத்தைந்தாம் நாளளவில் அது தானே மறைந்து விழித்திரை சீராகிவிடுகின்றது. இத்தனை ஒழுங்கான காலக்கணக்கு இருப்பதால், ஒரு மருந்து பயன்படுகிறதா என்பதைப் பதினேழாம் நாளில் குழாய்களை அளந்து உடனே கூறிவிடலாம். தாய்ச் சுண்டெலிதான் பாவம்; முதிர்ந்த நுரையீரலுக்கு அவ்வளவு பிராணவாயு நஞ்சாவதால், வேறு தாயை மாற்றி வைக்க வேண்டியிருக்கும்.

சுண்டெலியில் குழாய்கள் அழிவது விழித்திரையின் நடுவில். குழந்தையிலோ வெறுமை ஓரத்தில். எலிக் குஞ்சுகளை ஒரு நாள் 50 சதவிகிதம், மறுநாள் 10 சதவிகிதம் என்று மாறி மாறிப் பிராணவாயுவில் பதினான்கு நாட்கள் வைக்கும் மற்றொரு முறை உண்டு. அதில் ஓரமே வெறுமையாகின்றது; குழந்தையின் நோயை அது நெருங்கி ஒத்திருக்கின்றது. சராசரி அளவைக் காட்டிலும், ஏற்ற இறக்கமே கண்ணுக்குப் பெருங்கேடு என்பது இம்முறையால் விளங்கியது. மருத்துவமனையில் உருளை தீர்ந்து மாற்றும்போதும், குழந்தையை ஒரு படகிலிருந்து மற்றொரு வண்டிக்கு மாற்றும்போதும் நேரும் ஏற்ற இறக்கத்தை இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

சுண்டெலிகளிடமிருந்து கிடைத்த மற்றொரு பாடம் எதிர்பாராதது. உடல் வளர்ச்சிக்கான ஒரு காரணி இல்லாதவாறு மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளில் விழித்திரைக் குழாய்கள் மந்தமாகவே வளர்ந்தன. அக்காரணி குறைந்திருந்த குறைமாதக் குழந்தைகளுக்கே இக்கண் நோய் மிகுதியாக வந்தது என்று 2001-இல் சுவீடனிலும் பாஸ்டனிலும் இருந்த ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து காட்டினர். அக்காரணியின் அளவு குழந்தையின் எடையேற்றத்துடன் பிணைந்தது. ஆகவே பிறந்த பின் வாராவாரம் எடை சரியாக ஏறாத குறைமாதக் குழந்தையின் கண்ணைக் குறித்துக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். இதற்கு வேண்டிய கருவி ஒரு தராசு மட்டுமே.

குழாய்களை அழைக்கும் பொருள் என்ன என்பதும் இக்காலத்திலேயே புலனாயிற்று. வீ.ஈ.ஜி.எஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் புரதத்தை 1989-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தனர். 1995-இல் அதனைக் கட்டிப்போடும் பொருளைச் சுண்டெலிக் குஞ்சுகளின் கண்ணில் செலுத்தியபோது பதினேழாம் நாள் குழாய் வளர்ச்சி கணிசமாகக் குறைந்தது.

குரங்கை நாடியது ஏன்?

சுண்டெலியின் கண் ஒரு மிளகளவு. ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதியை லென்ஸே அடைத்துக்கொள்கின்றது. மனிதக் கண்ணோ 24 மில்லிமீட்டர். மருந்து எவ்வளவு, எத்தனை நாள் தங்கும், என்ன கேடு செய்யும் என்பவற்றை மிளகளவுக் கண்ணிலிருந்து கணிக்க முடியாது. அதற்கும் மேலாக, முதியோரின் பார்வையைக் கெடுக்கும் நோய் மஞ்சள் புள்ளியில் வருவது. கோராய்டிலிருந்து குழாய்கள் எல்லைச் சவ்வைத் துளைத்து மஞ்சள் புள்ளிக்கு அடியில் புகுந்து கசிகின்றன. நேர்க்கோடு வளைந்து தெரிகின்றது. பின்னர் நடுப்பார்வை போகின்றது. மஞ்சள் புள்ளியே இல்லாத பிராணியில் மஞ்சள் புள்ளி நோயை எவ்வாறு உண்டாக்குவது?

1979-இல் ஸ்டீபன் ரயன் என்னும் அமெரிக்கக் கண் மருத்துவர், குரங்கின் விழித்திரையில் லேசர் ஒளியால் எல்லைச் சவ்வைத் துளைத்து, கோராய்டுக் குழாய்களை உள்ளே வளரச் செய்தார். மற்ற இடங்களில் இட்ட துளைகளைவிட மஞ்சள் புள்ளியில் இட்ட துளைகளிலே குழாய்கள் அதிகமாக முளைத்ததை அவர் கண்டார். அந்த இடத்திற்கென்று ஏதோ ஒரு தனித்தன்மை உண்டு என்பதற்கு இது சான்று. 1994 முதல் 1996 வரை பாஸ்டனில் மற்றொரு குழுவினர் நண்டுண்ணும் குரங்கின் விழித்திரைச் சிரைகளை லேசரால் அடைத்தனர். கண்ணீர்மத்தில் வீ.ஈ.ஜி.எஃப் ஏறுவதையும், ஐரிஸ் என்னும் நிறப் படலத்தில் புதுக் குழாய்கள் தோன்றுவதையும் பதிவு செய்தனர். அப்பொருளுக்கு எதிரான மருந்து செலுத்திய கண்களில் குழாய்கள் தோன்றவில்லை. நலமான குரங்குக் கண்ணில் அப்பொருளை மட்டும் செலுத்தியபோது நோய் தானே உண்டாயிற்று. குற்றவாளி இன்னார் என்று நிறுவ இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

2002-இல் இக்குரங்குகளின் ஒரு கண்ணில் மருந்தும் மறு கண்ணில் வெறும் கரைசலும் செலுத்திச் செய்த சோதனையே ரானிபிசுமாப் என்னும் மருந்துக்கு வழி திறந்தது. 2006-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. அதன் உறவு மருந்தான பெவாசிசுமாப் குடல் புற்றுநோய்க்கென வந்தது. விலை மலிவாக இருப்பதால் இந்தியக் கண் மருத்துவமனைகளில் அது மிகுதியாகப் பயன்படுகின்றது. 0.05 மில்லிலிட்டர், அதாவது ஒரு துளி, நுண்ணிய ஊசியால் கண்ணுக்குள் செலுத்தப்படுகின்றது.

இவ்வளவு வெற்றிக்குப் பிறகும் விலங்கு மாதிரிகளின் குறையை மறைப்பதற்கில்லை. லேசரால் இட்ட துளை ஒரு காயம். அதில் வளர்ந்த குழாய்கள் சில வாரங்களில் தாமே வாடுகின்றன. மனிதனுக்கோ அறுபது எழுபது ஆண்டு மூப்பின் விளைவாக வந்த நோய் வாடுவதில்லை. ஒரே ஊசியில் சுண்டெலி குணமாகும்; மனிதருக்கு முதலில் மாதம் ஒன்றாகவும், பின்னர் இடைவெளி விட்டும் ஆண்டுக்கணக்கில் ஊசி போட வேண்டியிருக்கின்றது. நீரிழிவில் நிலைமை இன்னும் மோசம். எலிக்கு மருந்து கொடுத்து நீரிழிவை எளிதில் வரவழைத்துவிடலாம். ஆனால் அதன் விழித்திரையில் தொடக்க மாற்றங்கள் மட்டும் தோன்றுமே தவிர, நம் நோயாளிகளைக் குருடாக்கும் புதுக் குழாய் வளர்ச்சி தோன்றுவதில்லை. மரபணு மாற்றிய சில சுண்டெலி வகைகளில் அது தோன்றச் செய்திருக்கின்றனர். அங்கும் வீ.ஈ.ஜி.எஃப் முன்கூட்டியே மிகுதியாக்கப்பட்டிருப்பதால், வினாவிலேயே விடையை வைத்துவிட்டாற் போலாகிறது என்பது என் கருத்து. கண்ணாடி போன்ற உடலுடைய வரிக்குதிரை மீன்களைப் பிராணவாயு குறைந்த நீரில் வைத்து விழித்திரைக் குழாய்களைத் தூண்டும் முறையும் உண்டு. மலிவானது, விரைவானது, மருந்துகளை முதற்சல்லடையில் சலிப்பதற்கு ஏற்றது.

குரங்கு எவ்வளவு நாள் கிடைக்கும்?

இந்தியாவின் செம்முகக் குரங்குகள் ஒரு காலத்தில் பல்லாயிரக்கணக்கில் அயல்நாட்டு ஆராய்ச்சிக்கூடங்களுக்கு ஏற்றுமதியாயின. 1978-இல் நம் அரசு அதனைத் தடை செய்தது. அதன் பிறகே அயல்நாட்டார் நண்டுண்ணும் குரங்கை மிகுதியாக நாடினர். இன்று அதன் நிலையும் கவலைக்கிடம்; 2022-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இவ்வினத்தை அழிவுக்கு உள்ளாகும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. நிக்கோபார்க் கிளை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதனைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கரையோரத் தாழங்காடுகளை அழித்தபோது இக்குரங்குகளும் பெருந்தொகையில் மடிந்தன. கோயமுத்தூர் சாலிம் அலி பறவையியல் மையத்தாரின் கணக்கெடுப்பு, அவை மீண்டு பெருகி வருவதை 2016-இல் தெரிவித்தது. தோட்டத்தில் புகுந்த குரங்கை அடித்துவிடலாமா என்று கேட்கும் மாணவனுக்கு ஆசிரியர் கூறத்தக்க செய்திகள் இவை.

இந்தியாவில் எந்த விலங்கின் மீது சோதனை செய்வதாயினும், 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த குழுவின் மேற்பார்வைக்கும், நிலையத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கும் அது உட்பட வேண்டும். சுண்டெலியால் ஆகக்கூடியதற்குக் குரங்கைக் கேட்டால் அனுமதி கிடையாது, கிடைக்கவும் கூடாது.

தீவுகளில் இதன் பொருள்

இம்மருந்துகளைக் கண்டுபிடித்தவர்கள் மாதந்தோறும் மருத்துவமனைக்கு வரக்கூடிய நோயாளியை மனத்தில் கொண்டிருந்தனர். காம்ப்பெல் பேயிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடற்பயணம். பருவமழைக் காலத்தில் கப்பல் என்று வரும் என்பதைக் கடல்தான் தீர்மானிக்கும். போர்ட் பிளேரிலிருந்து சென்னை இன்னும் ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். நீரிழிவு நோயாளி ஓர் ஊசியைத் தவறவிட்டால் அடுத்த கப்பல் வரும் வரை குழாய்கள் காத்திருப்பதில்லை. நீண்ட நாள் தங்கும் மருந்தும், அல்லது ஒரு முறை செய்தால் நிலைக்கும் லேசர்ச் சிகிச்சையும் நகரவாசியைவிடத் தீவுவாசிக்கே மிகத் தேவை. நீரிழிவால் விழித்திரையில் புதுக் குழாய் தோன்றிய நோயாளி மீண்டும் வருவது ஐயம் என்று தோன்றினால், ஊசியை மட்டும் நம்பாமல் லேசர் செய்துவிடுவதே மேல் என்று பல மருத்துவர்கள் கருதுவதற்குக் காரணம் இதுதான்.

குறைமாதக் குழந்தையின் காலக்கெடு இன்னும் குறுகியது. இந்தியாவில் 2,000 கிராம் அல்லது அதற்குக் குறைந்த எடையுடனோ, 34 வாரம் நிறையும் முன்னரோ பிறந்த குழந்தைகள் அனைவரின் விழித்திரையையும் பிறந்த முப்பது நாட்களுக்குள் கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும். 28 வாரத்திற்கு முன் பிறந்தவை, 1,200 கிராமுக்குக் குறைந்தவை ஆயின் இரண்டு மூன்று வாரங்களுக்குள்ளாகவே. மேல்நாடுகளில் மிகச் சிறிய குழந்தைகளுக்கே வரும் இந்நோய், பிராணவாயுவை அளந்து கொடுக்கும் வசதி குறைந்த இடங்களில் சற்றுப் பெரிய குழந்தைகளுக்கும் வருகின்றது. அதனாலேயே நம் வரம்பு அகலமானது. பிராணவாயு பெறும் குறைமாதக் குழந்தையின் இரத்தத்தில் அதன் செறிவு பொதுவாக 90-க்கும் 95 சதவிகிதத்திற்கும் இடையே நிற்கவேண்டும். தாழ்ந்தால் மூளைக்கும் உயிருக்கும் ஆபத்து, உயர்ந்தால் கண்ணுக்கு. பூனைக்குட்டிகளின் பாடமும் அதன் பின்னர் இறந்த சிசுக்களின் பாடமும் சேர்ந்து உருவாக்கிய எல்லை இது.

குழந்தையின் கண் வெளியே தெளிவாகவே இருக்கும். தாய்க்கோ செவிலிக்கோ எதுவும் தெரியாது. வெண்ணிறம் தெரியத் தொடங்கிய பின் செய்யக்கூடியது மிகச் சிறிதே. 1996-இல் சென்னையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு இப்பரிசோதனை பரிந்துரைக்கப்படாமையால் பார்வை போயிற்று. அவ்வழக்கில் 2015-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சுமார் ஒரு கோடியே எண்பது இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அக்குழந்தைக்கு அப்போது பதினெட்டு வயது கடந்திருந்தது.

காலத்தில் கண்டால் குழாயற்ற ஓரப் பகுதியை லேசரால் சுட்டு, பசித்த விழித்திரையின் அழைப்பை நிறுத்திவிடலாம். அல்லது எதிர்மருந்தை ஊசியால் செலுத்தலாம். இங்கும் விலங்குகள் எழுப்பிய ஐயம் ஒன்றுண்டு. வீ.ஈ.ஜி.எஃப் கண்ணுக்கு மட்டும் உரியதன்று. வளரும் நுரையீரலுக்கும் மூளைக்கும் சிறுநீரகத்திற்கும் அது வேண்டும். கண்ணில் இட்ட மருந்து இரத்தத்தில் கலந்து அவ்வுறுப்புகளை அடைவதால், குழந்தைக்கு அளவைக் குறைத்துக் கொடுப்பது குறித்து இன்றும் ஆராய்கின்றனர். ஊசி போட்ட குழந்தைக்கு நோய் பல வாரங்கள் கழித்துத் திரும்பவும் கூடும். ஆகையால் ஊசி போட்டாயிற்று என்று குழந்தையை ஊருக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடலாகாது. தீவுகளைப் பொறுத்தவரை இது ஊசிக்கு எதிரான பலமான வாதம்.

கண் மருத்துவர் எல்லாத் தீவுகளுக்கும் செல்ல இயலாது. ஆனால் படம் செல்லும். பெங்களூரு நாராயண நேத்ராலயா 2008-இல் தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற தொழில்நுட்ப ஊழியர்கள் ஒரு நிழற்படக் கருவியுடன் கர்நாடக மாவட்டங்களின் சிசுப் பிரிவுகளுக்குச் சென்று, குழந்தைகளின் விழித்திரையைப் படமெடுத்து நிபுணருக்கு அனுப்பினர். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். தேசியச் சிறார் நலத்திட்டம் 2013 முதல் தேடிக் கண்டறிய வேண்டிய முப்பது குறைபாடுகளில் இந்நோயும் ஒன்று என்பதால், வீடு தோறும் செல்லும் ஊழியர் இதுபற்றிக் கேட்பது அவர் கடமைக்குள்ளேயே அடங்கும்.

கேட்க வேண்டியவை சில: குழந்தை எத்தனையாவது வாரத்தில் பிறந்தது? எடை என்ன? பிராணவாயு கொடுத்தார்களா? வாரந்தோறும் எடை ஏறுகின்றதா? கண் பார்த்தாயிற்றா, பார்த்திருந்தால் மறுபடியும் வரச் சொன்ன தேதி எது? முப்பது நாட்களைப் பிறந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அன்று. சிசுப் பிரிவில் மூன்று வாரம் கிடந்த குழந்தைக்கு மீதமிருப்பது ஒன்பது நாள்தான். டிக்லிபூரிலோ கச்சாலிலோ அதில் கப்பலுக்குக் காத்திருக்கும் நாட்களையும் கழித்துக்கொள்ள வேண்டும். ஆதலால் வெளியேற்றச் சீட்டில் பரிசோதனைத் தேதி எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்து, இல்லையேல் தாய் கப்பலேறுவதற்கு முன்னரே, போர்ட் பிளேரில் இருக்கும்போதே, கண்ணைப் பார்த்துவிடும்படி ஏற்பாடு செய்வது நலம்.